வெயிலில் நிற்கும்போது சன்ஸ்கிரீனுக்கு என்ன ஆகிறது?

மருந்துக் கடையில் சன்ஸ்கிரீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: எஸ்பிஎஃப் 30-ஆ, 50-ஆ? கொஞ்சம் வீடியோ பார்த்தவர்கள் என்றால் அடுத்த கேள்வியும் வரும்: கெமிக்கலா, மினரலா? அதற்குமேல் ஆளுக்கொரு கதை. கெமிக்கல் சன்ஸ்கிரீன் தோலைச் சூடாக்குமாம். மினரல் சன்ஸ்கிரீன் வெயிலைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புமாம். எதைப் பூசினாலும் இரண்டு மணி நேரத்தில் செத்துவிடுமாம். இவற்றில் பாதி தவறு, மீதி அரைகுறை.

இந்தப் பேச்சில் விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு. வெயிலைத் தடுக்கத்தான் அந்தக் க்ரீமில் சில பொருள்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் பொருள்களே வெயிலைத் தாங்குமா? சில தாங்கும், சில தாங்காது. சிலது டியூபுக்குள் கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தாங்கும். குழப்பமெல்லாம் இந்த மூன்றாவது வகையில்தான்.

வெயிலில் இருக்கும் இரண்டு கதிர்கள்

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் இருக்கின்றன. சுருக்கமாக யுவி. இவற்றை அலைநீளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். அதற்கான அளவு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. 290 முதல் 320 நானோமீட்டர் வரை யுவிபி, 320 முதல் 400 வரை யுவிஏ. இவற்றைவிடக் குறுகிய யுவிசி ஓசோன் படலத்தோடு நின்றுவிடுகிறது.

யுவிபி தோலின் மேலடுக்கைத் தாக்கும். தோல் கன்றிச் சிவப்பதும் எரிவதும் பெரும்பாலும் இதன் வேலை. யுவிஏ அமைதியான ஆள். தரைக்கு வரும் யுவியில் ஏறத்தாழ 95 சதவீதம் யுவிஏதான். தோலில் இன்னும் ஆழமாக இறங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும், யுவிஏவை நிறுத்தாது. தோல் கருப்பது, மங்கு அதிகமாவது, சுருக்கம் விழுவது எல்லாவற்றிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோல் புற்றுநோயிலும் இரண்டு கதிர்களுக்குமே கை இருக்கிறது.

2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. 69 வயதுக்காரர், 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். முகத்தின் வலப்பக்கம் வயதுக்கேற்ற தோல். ஜன்னல் பக்கம் இருந்த இடப்பக்கம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண்ணாடி வழியாக வந்த யுவிஏ செய்த வேலை அது.

ஒன்றை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். யுவிபி அதிகமானால் தோல் எரிந்து நமக்குச் சொல்லிவிடும். யுவிஏ அதிகமானால் உடனே எந்த எச்சரிக்கையும் கிடையாது. யுவிஏவைத் தடுக்கும் பொருள் பாதி வழியில் கைவிட்டாலும் நமக்குத் தெரியாது.

பிடிப்பது பாதி வேலை

சன்ஸ்கிரீனில் யுவியைத் தடுக்கும் பொருளை யுவி ஃபில்டர் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் சல்லடை போலத் தோன்றும். நடப்பது வேறு.

மாடி வீடு கட்டும் இடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் செங்கலை வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார், பிடித்த கையோடு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அடுத்த செங்கல் வருவதற்குள் கை காலியாக வேண்டும். பிடித்ததைக் கைமாற்றத் தாமதித்தால் அடிபடுவது அவர் கைதான்.

யுவி ஃபில்டரின் மூலக்கூறும் அப்படித்தான் வேலை செய்கிறது. வருகிற யுவியின் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்ளும். உடனே மூலக்கூறு ஒரு பதற்றமான நிலைக்குப் போகும். இதைக் கிளர்ச்சி நிலை என்பார்கள். அந்த ஆற்றலை வெப்பமாக உதிர்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினால் அடுத்த கதிருக்குத் தயார். நல்ல ஃபில்டர்களில் இதெல்லாம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதே மூலக்கூறு இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

வெப்பமாக உதிர்கிறது என்றதும் சிலர், "அப்போ தோல் சூடாகத்தானே செய்யும்" என்று பிடித்துக்கொள்கிறார்கள். வெயிலின் மொத்த ஆற்றலில் யுவி ஒரு சிறு பங்குதான். க்ரீம் பூசாமல் நின்றால் அதே யுவியைத் தோல் வாங்கிக்கொள்ளும், அப்போதும் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறும். வெயிலில் உடம்பு காய்வதற்கு முக்கியக் காரணம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும். சன்ஸ்கிரீன்மேல் போட வேண்டிய பழி இல்லை இது.

கிளர்ச்சி நிலைக்குப் போன மூலக்கூறு திரும்பி வராமல் வேறு பொருளாக மாறிப்போவதும் உண்டு, உடைந்துபோவதும் உண்டு. அப்படி ஆகாமல் திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கு வருகிற திறனுக்கு ஒளி நிலைத்தன்மை என்று பெயர். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

அவோபென்சோன்: திறமைசாலி, ஆனால் நம்ப முடியாதவர்

யுவிஏவைப் பிடிப்பதில் உலகெங்கும் அதிகம் பயன்பட்ட ஃபில்டர்களில் ஒன்று அவோபென்சோன். 1973-ல் காப்புரிமை, 1978-ல் ஐரோப்பாவில் அனுமதி, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி. லேபிளில் சில சமயம் பியூட்டைல் மெத்தாக்சிடைபென்சோயில்மீத்தேன் என்ற நீளமான பெயரில் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 357 நானோமீட்டர் வாக்கில் அது உச்சமாக உறிஞ்சும். யுவிஏவின் நடுவே, வேண்டிய இடத்தில்.

சிக்கல் அதன் வடிவத்தில். இந்த மூலக்கூறு இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். ஒன்றில், இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ஈனால் வடிவம். யுவிஏவைப் பிடிப்பது இதுதான். டியூபுக்குள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். வெயில் பட்டதும் சில மூலக்கூறுகளில் அந்தக் கொக்கி கழன்று, ஹைட்ரஜன் இடம் மாறி, கீட்டோ வடிவம் வந்துவிடும். கீட்டோ வடிவம் உறிஞ்சுவது 260 நானோமீட்டர் பக்கம். அந்தக் கதிர் தரைக்கே வராது. அதாவது மூலக்கூறு இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகாது.

கீட்டோவாக மாறியது மறுபடி ஈனாலாகத் திரும்பக்கூடும். அதுவரை பரவாயில்லை. ஆனால் கீட்டோ வடிவம் கிளர்ச்சி நிலையில் இருக்கும்போது இரண்டாக உடையவும் கூடும். உடைந்தது உடைந்ததுதான்.

இது எவ்வளவு வேகமாக நடக்கும்? ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும், அரை மணியில் எல்லாமே போய்விடும் என்று நெட்டில் எண்கள் சுற்றுகின்றன. எல்லாச் சன்ஸ்கிரீனுக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் இருக்க முடியாது. அவோபென்சோன் எந்த எண்ணெயில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் மாறும். சைக்ளோஹெக்சேன் போன்ற கரைப்பானில் சீக்கிரம் அழிகிற அதே பொருள் மெத்தனாலில் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. யாரோ ஓர் ஆய்வகத்தில் ஒரு கரைப்பானில் எடுத்த எண்ணை உங்கள் கையில் இருக்கும் டியூபுக்குப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஃபில்டர் கதிரைப் பிடிக்க வேண்டும், ஆற்றலை வெப்பமாக உதிர்க்க வேண்டும், பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். அவோபென்சோன் முதல் வேலையில் கெட்டிக்காரர், மூன்றாவதில் சறுக்குகிறவர்.

டியூபுக்குள் யாரோடு சேர்க்கை

சாரத்தில் நிற்பவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் கை நீட்டிச் செங்கலை வாங்கிக்கொண்டால் போதும், அவர் தப்பிவிடுவார். சன்ஸ்கிரீன் தயாரிப்பவர்கள் செய்வது இதைத்தான். கிளர்ச்சி நிலையில் இருக்கும் அவோபென்சோனிடமிருந்து, அது உடைவதற்குள், ஆற்றலை வாங்கிக்கொள்ள இன்னொரு பொருளைச் சேர்த்துவிடுகிறார்கள். பழைய, பிரபலமான துணை ஆக்டோகிரிலீன். அது தானும் யுவிபியைப் பிடிக்கும், அவோபென்சோனையும் காப்பாற்றும். ஒரு குறை: பழசாகும்போது ஆக்டோகிரிலீனிலிருந்து பென்சோபீனோன் என்ற வேண்டாத பொருள் உருவாகிச் சேருகிறது என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போன வருஷ டியூபை இந்தக் கோடையில் தேடி எடுக்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்க இது ஒரு காரணம்.

பெமோட்ரிசினால் இன்னொரு நல்ல துணை. டினோசார்ப் எஸ் என்ற வணிகப் பெயரில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். லேபிளில் பிஸ்-எத்தில்ஹெக்சிலாக்சிபீனால் மெத்தாக்சிபீனைல் ட்ரையாசீன் என்று இரண்டு வரி நீளத்துக்கு இருக்கும்.

கெட்ட சேர்க்கையும் உண்டு. ஆக்டினாக்சேட் யுவிபியைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர். எத்தில்ஹெக்சைல் மெத்தாக்சிசின்னமேட் என்றும் எழுதுவார்கள். விலை குறைவு, க்ரீமில் எளிதாகக் கலக்கும், ஆகவே மலிவான தயாரிப்புகளில் நிறைய வரும். வெயில் பட்டால் இதன் மூலக்கூறே திருகிக்கொண்டு, குறைவாக உறிஞ்சும் வடிவத்துக்குப் பாதி மாறிவிடும். அது தனியாக இருக்கும்போது. அவோபென்சோனோடு சேர்ந்தால் வெயிலில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து புதிய பொருளாகிவிடுகின்றன. ஒரே அடியில் யுவிஏவைப் பிடிப்பவரும் போயாச்சு, யுவிபியைப் பிடிப்பவரும் போயாச்சு. காப்பாற்ற வேறு துணை இல்லாமல் இந்த இரண்டு மட்டும் லேபிளில் இருந்தால் நான் அந்த டியூபைத் திரும்ப ஷெல்ஃபில் வைத்துவிடுவேன்.

தாங்குகிறவர்கள்

பெமோட்ரிசினாலும், யுவினுல் ஏ ப்ளஸ் என்ற பெயரில் விற்கும் இன்னொரு யுவிஏ ஃபில்டரும் தாமாகவே நன்றாகத் தாங்கும். இவற்றிலும் ஒரு ஹைட்ரஜன் கொக்கி இருக்கிறது. ஆனால் இங்கே அது பலவீனம் இல்லை, அதுதான் பலம். யுவி பட்டதும் ஹைட்ரஜன் பக்கத்து அணுவுக்குத் தாவும், ஆற்றல் வெப்பமாகக் கழியும், ஹைட்ரஜன் பழைய இடத்துக்கே தாவி வந்துவிடும். மூலக்கூறு அலுங்காமல் அப்படியே இருக்கும். பெமோட்ரிசினால் 310, 343 நானோமீட்டர் என்று இரண்டு இடங்களில் உச்சம் காட்டுவதால் யுவிபி, யுவிஏ இரண்டையும் ஒரே ஆளாகச் சமாளிக்கும்.

ஐரோப்பாவில் பெமோட்ரிசினால் 2000 வாக்கிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல சன்ஸ்கிரீன்களிலும் இப்போது இந்தப் புது ஃபில்டர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நெடுங்காலம் யுவிஏவுக்கு அவோபென்சோன், ஜிங்க் ஆக்சைடு இரண்டையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் "அவோபென்சோன் நிலைக்குமா" என்று அவ்வளவு கட்டுரைகள் இருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கிருந்து வரும் வீடியோவை அப்படியே நம்பிப் பயப்படுவதற்குமுன் நம் டியூபில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மினரல் சன்ஸ்கிரீன் கண்ணாடி இல்லை

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் மினரல் ஃபில்டர்கள். இவை யுவியைத் திருப்பி அனுப்புகின்றன என்பது பாட்டில்களிலேயே அச்சிட்டு விற்கப்பட்ட கதை. அளந்து பார்த்தபோது இவை யுவியில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத்தான் திருப்புகின்றன. மற்றபடி இவையும் உறிஞ்சத்தான் செய்கின்றன, அவோபென்சோன் போன்ற கெமிக்கல் ஃபில்டர்களைப் போலவே. முகத்தில் வெள்ளையாகத் தெரிவது இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த வெள்ளை சாம்பல் பூசியதுபோலத் தெரிவது எல்லாருக்கும் தெரிந்த அவஸ்தை.

இவை உடைந்து போகாது, அந்த வகையில் நிலையானவை. ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இவற்றால் தொல்லை வரலாம். இரண்டும் குறைக்கடத்திகள், அதாவது செமிகண்டக்டர்கள். யுவியை உறிஞ்சியதும் துகளின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் துடிப்பாகி, அருகில் இருக்கும் பொருள்களோடு வினை புரியும். அவோபென்சோன் அருகில் இருந்தால் அதையும் சிதைக்கும். இதைத் தடுக்கத் துகள்களுக்கு சிலிக்கா, அலுமினா, டைமெத்திகோன் போன்றவற்றால் மேல்பூச்சு கொடுக்கிறார்கள். நல்ல நிறுவனங்கள் செய்யும் வேலை இது. வீட்டில் ஜிங்க் ஆக்சைடு பவுடர் வாங்கி ஏற்கெனவே இருக்கும் சன்ஸ்கிரீனில் கலக்குகிறவர்கள் செய்ய முடியாத வேலையும் இதுதான். அந்தக் கைவைத்தியம் வேண்டாம்.

எஸ்பிஎஃப் சொல்வதும் சொல்லாததும்

எஸ்பிஎஃப் என்பது தோல் சிவக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ஆய்வகத்தில் தன்னார்வலர்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் க்ரீம் பூசி, செயற்கைச் சூரிய விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். பூசாத தோலைவிட 30 மடங்கு தேவைப்பட்டால் எஸ்பிஎஃப் 30. உள்ளே போவது முப்பதில் ஒரு பங்கு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. "97 சதவீதத்துக்கும் 98 சதவீதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்பவர்கள் தடுத்ததை எண்ணுகிறார்கள். தோலுக்குத் தெரிவது உள்ளே வந்தது மட்டும்தான்: ஒன்றில் 3.3 சதவீதம், இன்னொன்றில் 2 சதவீதம். ஒன்றரை மடங்குக்கும் கூடுதல்.

சிவத்தல் என்பது பெரும்பாலும் யுவிபியின் வேலை என்று முன்பே பார்த்தோம். எனவே வெயிலில் அவோபென்சோன் மெல்ல மெல்லக் காணாமல் போனாலும் எஸ்பிஎஃப் எண் பெரிதாக அசையாது. 50 என்று போட்ட க்ரீம் யுவிபிக்கு 50-ஆகவே நின்று, யுவிஏவுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கலாம். நாமும் எரியவில்லையே என்ற தைரியத்தில் இன்னும் கூடுதல் நேரம் வெயிலில் நிற்போம்.

யுவிஏவுக்குத் தனி அளவு பிஏ. 1996-ல் ஜப்பானில் தொடங்கியது. பிளஸ் குறிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்; நான்கு பிளஸ் 2013-ல் சேர்க்கப்பட்டது, யுவிஏ பாதுகாப்பு 16 மடங்கு அல்லது அதற்குமேல் என்று பொருள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் ஒரு வட்டத்துக்குள் யுவிஏ என்று போட்டிருக்கும். யுவிஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப் எண்ணில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஐஎஸ்ஓ 24443 என்ற ஆய்வு முறையில், பிளாஸ்டிக் தகட்டில் பூசிய க்ரீமை முதலில் யுவியில் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் யுவிஏ பாதுகாப்பை அளக்கிறார்கள். வெயிலில் சிதைகிற ஃபில்டரின் வண்டவாளம் அங்கே தெரிந்துவிடும்.

சுருங்கச் சொன்னால், எஸ்பிஎஃப் யுவிபியின் மார்க், பிஏவும் யுவிஏ வட்டமும் யுவிஏவின் மார்க். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

இரண்டு மணி நேரக் கணக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்பதை, அதற்குள் ஃபில்டர் எல்லாம் அழிந்துவிடும் என்று புரிந்துகொள்கிறார்கள். ஃபில்டரைச் சிதைப்பது ஒளி, கடிகாரம் இல்லை. காலையில் பூசிக்கொண்டு ஜன்னலிலிருந்து தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் ஃபில்டர்கள் மதியம் வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வெளியில் இருப்பவருக்கு நிஜமான எதிரிகள் வேர்வையும் துண்டும் துப்பட்டாவும். சன்ஸ்கிரீன் தோலின்மேல் ஒரு மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாலு தடவை முகத்தைத் துடைத்தால் அந்தப் படலம் திட்டுத் திட்டாகப் போய்விடும். எவ்வளவு நிலையான ஃபில்டராக இருந்தாலும் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்ட பிறகு முகத்தைக் காக்காது. எனவே இரண்டு மணி நேரம் என்பது வெளியில் இருக்கும் நேரத்துக்கான கணக்கு. கொட்டுகிற வேர்வைக்கும் கடல் குளியலுக்கும் அதுவும் காணாது.

இன்னொன்று, அளவு. ஆய்வில் பூசுவது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று சொன்னேனே, வீட்டில் பலரும் பூசுவது அதில் பாதி அல்லது கால்வாசி. படலம் மெலிந்தால் போட்டிருக்கும் எண் கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஃபில்டரின் நிலைத்தன்மை பற்றி மண்டையை உடைத்துக்கொள்பவர்களில் பலர் தவறவிடுவது இந்த இரண்டு விரல் கணக்கைத்தான்.

சட்டைக் காலரில் துரு

கடைசியாக ஒரு வீட்டு விஷயம். சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களின் வெள்ளைச் சட்டைக் காலரில் துவைத்த பிறகு ஆரஞ்சு நிறத்தில் துருப் பிடித்ததுபோலக் கறை தெரிவதுண்டு. வாஷிங் மெஷின்மேல் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காரணம் அவோபென்சோனும் போர் தண்ணீரும். ஹைட்ரஜனைக் கொக்கி போட்டு வைத்திருந்த அந்த இரண்டு ஆக்சிஜன்களும் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதையும் அதேபோலப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குத்தான் அந்த நிறம். ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து ஊறவைத்துப் பார்க்கலாம், அல்லது துருக்கறை நீக்கி வாங்கலாம். காலரில் படாமல் இருக்க, பூசியது நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள். அதற்கும் மேல் தொல்லையாக இருந்தால் அவோபென்சோன் இல்லாத டியூபாகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.